சைட்டுக்குப் போகும் பெண் பொறியாளர்: கட்டுமானத் திட்ட மேலாண்மை என்ன வேலை, அதன் ஏணி எங்கே முறிகிறது?

திருநெல்வேலி வட்டாரத்தில் சிவில் படித்து முடித்த பெண்ணுக்குக் கட்டுமான நிறுவனத்திலிருந்து நியமனக் கடிதம் வந்தால், அதில் ‘பிராஜெக்ட் இன்ஜினியர்’ என்றோ ‘பிளானிங் இன்ஜினியர்’ என்றோ எழுதியிருக்கும். அந்தப் பெயரிலிருந்து வீட்டாருக்கு ஒன்றும் விளங்குவதில்லை. வரைபடத்தை வேறொரு பொறியாளர் போட்டுவிட்டார். சுவரைக் கொத்தனார் எழுப்புகிறார். கம்பியைக் கம்பி கட்டுபவர் கட்டுகிறார். ஆட்களைக் கூட்டி வருவது மேஸ்திரி. இடையில் இந்தப் பெண் செய்யப்போவது என்ன என்ற கேள்வி நியாயமானதே. அதே கேள்வியை வேறு தொனியில் சைட்டில் இருப்பவர்களும் கேட்கிறார்கள்.

அந்த வேலையின் அடிப்படை என்ன, நெல்லைச் சீமையின் மண்ணும் மழையும் விழாக்களும் அதை எப்படி மாற்றுகின்றன, இளம் பெண் பொறியாளர்கள் சில ஆண்டுகளில் அலுவலகத்துக்குள் ஒதுக்கப்படுவது எதனால், சட்டம் அவர்களுக்கு எந்த அளவுக்குத் துணை நிற்கிறது என்பவற்றை இக்கட்டுரை வரிசையாக விளக்குகிறது. “பாதுகாப்பாக இருக்கட்டும்” என்று அக்கறையோடு எடுக்கப்படும் முடிவுதான் பல பெண்களின் முன்னேற்றத்தை நிறுத்திவிடுகிறது என்பதே இதன் மையக் கருத்து.

திட்ட மேலாண்மை என்றால் என்ன?

ஒரு கட்டட ஒப்பந்தத்தில் மூன்று வாக்குறுதிகள் உள்ளன: இந்த நாளுக்குள், இந்தத் தொகைக்குள், இந்தத் தரத்தில். கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்பதை வரைபடம் சொல்லும். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, அதற்கு எத்தனை ஆள், எந்தப் பொருள் எந்த நாளில் வந்து இறங்க வேண்டும் என்பதை வரைபடம் சொல்லாது. அவற்றைத் தீர்மானிப்பதும், தீர்மானித்தபடி நடக்கிறதா என்று கண்காணிப்பதும், நடந்ததற்கு எழுத்துச் சான்று வைப்பதும் சேர்ந்ததே திட்ட மேலாண்மை.

பெரிய நிறுவனங்களில் இந்த வேலை பல பேருக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது.

1. சைட் இன்ஜினியர்: அன்றன்றைய வேலையை நேரில் நடத்துபவர். அளவு குறித்துக் கொடுப்பது, கம்பியைச் சரிபார்ப்பது, காங்கிரீட் போடும்போது கூடவே நிற்பது எல்லாம் இவர் பொறுப்பு.
2. பிளானிங் இன்ஜினியர்: கால அட்டவணையைத் தயாரித்து, வாரந்தோறும் அதைத் திருத்துபவர். எம்.எஸ். பிராஜெக்ட், பிரைமவேரா போன்ற மென்பொருள்களில் இவர் வேலை நடக்கும்.
3. பில்லிங் இன்ஜினியர்: முடிந்த வேலையை அளந்து, ஒப்பந்த விலைப்படி கணக்கிட்டு, பணம் கேட்டு பில் அனுப்புபவர்.
4. தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர்: மணல், ஜல்லி, சிமெண்ட், கம்பி, காங்கிரீட் ஆகியவற்றைச் சோதிப்பவர்.
5. திட்ட மேலாளர்: இந்த நான்கையும் அறிந்து, உரிமையாளர், ஒப்பந்ததாரர், அரசு அலுவலகம் ஆகிய மூன்று தரப்பிடமும் பதில் சொல்பவர். பல ஆண்டு அனுபவத்துக்குப் பிறகே இந்த நாற்காலி கிடைக்கும்.

பாளையங்கோட்டையிலும் வண்ணார்பேட்டையிலும் இயங்கும் சிறிய நிறுவனங்களில் முதல் நான்கு வேலைகளையும் ஒரே பொறியாளர் பார்க்க நேரிடும். சம்பளம் குறைவென்றாலும், கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் அமைவது அரிது என்றே சொல்லலாம்.

கால அட்டவணையின் அடிப்படைக் கருத்து ‘கிரிட்டிக்கல் பாத்’ எனப்படும். ஒன்று பிந்தினால் கட்டடம் முழுவதும் பிந்திவிடக்கூடிய வேலைகளின் சங்கிலி அது. 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் டூபாண்ட், ரெமிங்டன் ராண்ட் நிறுவனங்கள் வகுத்த முறை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.

மானூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கு வகுப்பறைக் கட்டடம் எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 6 மீட்டர் நீள விட்டங்களோடு கூரைத் தளம் போட்டாயிற்று. காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தர நெறியான ஐ.எஸ். 456, சாதாரண சூழலில் 6 மீட்டர் வரையுள்ள விட்டத்தின் அடியில் கொடுத்த முட்டுகளைக் குறைந்தது 14 நாள் கழித்தே எடுக்கச் சொல்கிறது. முட்டு எடுத்த பிறகு உள்சுவர் கட்ட 8 நாள் ஆகும். ஆக, அலுமினிய ஜன்னல்கள் 22-ஆம் நாள் கையில் இருக்க வேண்டும். பட்டறையில் செய்து தர 12 நாள் தேவை என்றால், தளம் போட்ட 10-ஆம் நாள் வரை ஆர்டர் கொடுக்காமல் இருந்தாலும் நட்டமில்லை. 15-ஆம் நாள் கொடுத்தால் மொத்த வேலையும் 5 நாள் தள்ளிப்போகும். முட்டுக்கான 14 நாளை ஆள் கூட்டியோ கூலி கூட்டியோ குறைக்க முடியாது. ஜன்னலுக்கான நாட்களை முன்யோசனையால் காப்பாற்ற முடியும். எந்தத் தாமதம் கட்டடத்தைப் பாதிக்கும், எது பாதிக்காது என்று பிரித்தறிவதே இந்தத் தொழிலின் உயிர்நாடி.

நெல்லைச் சீமையில் அட்டவணை போடுவது

மென்பொருளில் போட்ட அட்டவணை எந்த ஊருக்கும் பொருந்துவதுபோல் தோற்றமளிக்கும். ஊரை அறியாதவர் போட்டது அக்டோபர் மாதத்திலேயே குலைந்துவிடும்.

முதலாவது மழை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீள்கிறது. அஸ்திவார வானம் தோண்டும் வேலையை இந்த மாதங்களில் வைத்தால், தோண்டிய குழியில் நிற்கும் நீரை இறைப்பதிலேயே நாள் போகும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை தென்மாவட்டங்களையே உலுக்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவாயிற்று, தாமிரபரணி கரை புரண்டு திருநெல்வேலி சந்திப்புப் பகுதி நீரில் மூழ்கியது. அத்தகைய மழையை யாரும் அட்டவணையில் எழுத முடியாது. ஆனால் ஆற்றையோ குளத்தையோ ஒட்டிய சைட்டில் சிமெண்ட் மூட்டைகளையும் மின்சாதனங்களையும் எந்த மட்டத்தில் வைப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய முடியும்.

இரண்டாவது காற்று. ஆனி, ஆடி மாதங்களில் வள்ளியூர், இராதாபுரம், பணகுடி வட்டாரங்களில் வீசும் காற்றுக்குத்தான் அங்கே காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அந்தக் காற்று, புதிதாகப் போட்ட தளத்தின் மேற்பரப்பு ஈரத்தை உறிஞ்சிவிடும். காங்கிரீட் இறுகுவதற்கு முன்பே மேற்பரப்பு காய்ந்தால், சில மணி நேரத்துக்குள் மயிரிழைபோல் வெடிப்புகள் ஓடும். அப்பகுதியில் இம்மாதங்களில் தளம் போட அதிகாலையைத் தேர்ந்தெடுப்பதும், போட்ட பகுதியை உடனுக்குடன் ஈரச் சாக்காலோ பாலித்தீன் தாளாலோ மூடுவதும் நேர அட்டவணைக்குள்ளேயே எழுதப்பட வேண்டியவை.

மூன்றாவது மண். ஆற்றங்கரையில் வண்டல், தெற்கே திசையன்விளைப் பக்கம் செந்நிறத் தேரி மணல், வடக்கே கங்கைகொண்டான் பக்கமாகப் போகப் போகக் கரிசல் என்று ஒரே மாவட்டத்துக்குள் மண் மாறிக்கொண்டே இருக்கிறது. கரிசல் ஈரம்பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் சாதாரண அஸ்திவாரம் போட்டால் சில ஆண்டுகளில் சுவர் பிளக்கும் என்பதால், பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறாத ஆழம் வரை, பெரும்பாலும் 3.5 மீட்டர் அளவுக்கு, அடியில் குமிழ் வைத்த பைல்களை, அதாவது மண்ணுக்குள் இறங்கும் காங்கிரீட் தூண்களை, இறக்குவது வழக்கம். மண் பரிசோதனை அறிக்கை கைக்கு வருமுன் அஸ்திவாரத்துக்கு நாள் குறிப்பவர் பின்னால் இரட்டைச் செலவு செய்ய நேரிடும்.

நான்காவது ஆட்கள். பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குப் போவது இந்தச் சீமையின் விடாத வழக்கம். அந்த இரண்டு மூன்று நாள் எந்த மேஸ்திரியாலும் ஆள் திரட்ட முடியாது. சுடலைமாடன் கொடை, அம்மன் கொடை என்னும் ஊர்க் கோயில் விழாக்கள் வந்தால் அந்த ஊர்க் கொத்தனார்கள் அனைவரும் ஒரே வாரத்தில் மறைந்துவிடுவார்கள். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. வடமாநிலத் தொழிலாளர்களோ ஹோலிக்கும் சாத் பூஜைக்கும் சொந்த ஊர் போகிறார்கள். எந்த மேஸ்திரியின் ஆட்கள் எந்த ஊர், அந்த ஊரில் கொடை எந்த மாதம் என்று குறித்து வைத்திருக்கும் பொறியாளரின் அட்டவணைதான் நிற்கும். இதை எந்தப் பாடத்திட்டமும் கற்றுக் கொடுப்பதில்லை. ஆட்களோடு பேசிப் பழகியே தெரிந்துகொள்ள முடியும். அலுவலகக் கணினியின் முன் அமர்ந்திருப்பவருக்கு இந்த அறிவு வந்து சேராது.

பொருள் வரத்தையும் இதோடு சேர்க்க வேண்டும். 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் உயிரிழந்த பின் மாவட்டத்தின் குவாரிகள் ஆய்வுக்கு உள்ளாயின. ஜல்லியும் எம்-சாண்டும் குவாரியை நம்பியே இருப்பதால், அங்கே தடை என்றால் சில நாட்களுக்குள் எல்லா சைட்டுகளும் அதை உணரும்.

தளம் போடும் ஒரு நாள்

220 சதுர மீட்டர் பரப்பும் 150 மி.மீ. கனமும் உள்ள தளத்துக்கு 33 கன மீட்டர் காங்கிரீட் வேண்டும். விட்டங்களுக்கு மேலும் 9 சேர்த்தால் 42 கன மீட்டர். ஆலையிலேயே கலந்து வரும் ரெடிமிக்ஸ் காங்கிரீட் லாரி ஒன்றுக்கு 6 கன மீட்டர் என்றால் 7 நடை. இந்தக் கணக்கு எளிது. வேலையின் கடினம் அதற்கு முந்தைய மாலையில் இருக்கிறது.

அந்த மாலையில் பொறியாளர் பலகைமேல் ஏறி நடந்து பார்க்கிறார். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விட வைக்கும் சிறு சிமெண்ட் கட்டைகளான கவர் பிளாக் எல்லா இடத்திலும் இருக்கின்றனவா, தளத்துக்கு 20 மி.மீ., விட்டத்துக்கு 25 மி.மீ. என்ற குறைந்த அளவு கிடைக்கிறதா, முட்டுகள் கெட்டித்த தரையில் நிற்கின்றனவா அல்லது நேற்றுக் கொட்டிய மண்மேல் நிற்கின்றனவா, மின்குழாய்கள் ஒரே இடத்தில் குவிந்து காங்கிரீட் இறங்க வழியில்லாமல் அடைக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒரு மூலையில் கவர் பிளாக் இல்லாமல் கம்பி பலகையோடு ஒட்டிக் கிடக்கிறது. அப்படியே விட்டால் அந்தக் கம்பிக்குக் காங்கிரீட்டின் போர்வை இருக்காது. ஈரமும் காற்றும் எட்டித் துருப்பிடித்து, சில ஆண்டுகளில் கூரையின் அடிப்பூச்சு பெயர்ந்து விழும். கடற்கரையோரமான உவரி, கூடங்குளம் பக்கம் உப்புக்காற்றும் சேர்வதால் அங்கே இன்னும் கூடுதல் கவர் வேண்டும். துருவும் விரைவில் ஏறும்.

வேலையை நிறுத்தச் சொன்னால் மேஸ்திரி, “எம்மா, நாலு கம்பிக்காக எதுக்கும்மா லாரிய நிறுத்தச் சொல்லுதிய? காலைல வச்சிக்கிடலாம்” என்பார். “அண்ணாச்சி, காலைல பம்பு ஓட ஆரம்பிச்சா யாரும் குனிஞ்சு பாக்க மாட்டாங்க. இப்பவே வச்சிருங்க, நான் நிக்கேன்” என்று பதில் சொல்லி, வைத்து முடியும் வரை நிற்பதில்தான் பொறியாளரின் அதிகாரம் நிலைபெறுகிறது. குரல் உயர்த்த வேண்டியதில்லை. சோதனைத் தாளில் அவர் கையெழுத்து இல்லாமல் காலையில் லாரி புறப்படாது என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தால் போதும். அந்தக் கையெழுத்து அதிகாரத்தை நிறுவனம் அவருக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறதா என்பதே கேள்வி. கொடுக்காமல் அனுப்பினால், மேஸ்திரியைவிட அனுபவம் குறைந்த அவர் வெறும் பார்வையாளராகவே நிற்க நேரிடும்.

காலையில் லாரி வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது டெலிவரி சலானில் உள்ள நேரம். ரெடிமிக்ஸ் காங்கிரீட்டுக்கான ஐ.எஸ். 4926, கலவை ஏற்றிய 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்கிறது. வழியில் ரயில்வே கேட்டில் நின்று பிந்திய லாரியில், கலவை இறுகத் தொடங்கியதால் பம்புக்காரர் தண்ணீர் ஊற்றச் சொல்வார். அந்தத் தண்ணீர் வேலையை எளிதாக்கும்; வலுவைக் குறைக்கும். மறுக்க வேண்டியவர் பொறியாளர்.

அதே நேரத்தில் 150 மி.மீ. அச்சுகளில் கியூப், அதாவது வலுவைச் சோதிக்கும் காங்கிரீட் கனசதுரங்கள், எடுக்க வேண்டும். 31 முதல் 50 கன மீட்டர் வரையான காங்கிரீட்டுக்கு 4 மாதிரிகள், மாதிரிக்கு 3 கியூப் என்பது விதி. ஆக, 42 கன மீட்டருக்கு 12 கியூப். இவை 28-ஆம் நாள் உடைத்துப் பார்க்கப்படும். 7-ஆம் நாள் நிலவரம் தெரிய வேண்டுமானால் கூடுதலாக எடுத்துவைக்க வேண்டும். ஒவ்வொரு கியூபிலும் தேதி, லாரி எண், தளத்தின் எந்தப் பகுதி என்று எழுதாவிட்டால், ஒன்று தோற்கும்போது எந்த இடத்தைச் சோதிப்பது என்று யாருக்கும் தெரியாது.

பிறகு தண்ணீர் பிடித்தல். ஊரில் பெரும்பாலும் கிடைக்கும் பி.பி.சி. (போர்ட்லாந்து பொசோலானா) வகை சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள், உலர்ந்த வெயில் காலத்தில் 14 நாள் ஈரம் காக்க வேண்டும். கட்டுமானச் செலவில் மிகக் குறைந்த செலவுள்ள இந்த வேலையே அதிகம் கைவிடப்படுகிறது என்பது வருத்தம் தரும் உண்மை.

பதிவேடுகளின் வலிமை

வேலை நடந்தது என்பதற்கு, பேச்சைவிட எழுத்துக்கே ஒப்பந்தத்தில் மதிப்பு உண்டு. அரசு வேலைகளில் உதவிப் பொறியாளர் அளந்து அளவைப் புத்தகத்தில், அதாவது எம்-புக்கில், பதிகிறார். அவருக்கு மேலுள்ளவர் சரிபார்க்கிறார். அந்தப் பதிவின்படியே, வேலை நடக்க நடக்க அனுப்பும் ரன்னிங் பில் பணமாகிறது. பில் ஒரு வாரம் பிந்தினால் சனிக்கிழமைக் கூலி பிந்தும். கூலி பிந்தினால் திங்கட்கிழமை ஆள் குறையும். பில்லிங் மேசையில் அமர்ந்திருப்பவரின் சுறுசுறுப்பு நேராகச் சாரத்தின்மேல் தெரியும்.

இதைவிடக் குறைவாகக் கவனிக்கப்படுவது இடையூறுப் பதிவேடு. ஒப்பந்ததாரரின் தவறில்லாமல் வேலை நின்ற நாட்களை எழுதிவைக்கும் ஏடு அது. கால நீட்டிப்பு கேட்கும்போது இதுவே ஆதாரம். நவம்பர் 1 முதல் 12 வரை இடம் ஒப்படைக்கப்படவில்லை. 8 முதல் 15 வரை மழை. தனித்தனியே கூட்டினால் 12-ம் 8-ம் சேர்ந்து 20 நாள். ஆனால் 8 முதல் 12 வரையான 5 நாட்கள் இரண்டிலும் வருவதால், கிடைக்கக்கூடிய நீட்டிப்பு 15 நாள்தான். அன்றன்று எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டிருந்தால் இந்தக் கணக்கில் சண்டை வராது. ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் நிச்சயம் வரும்.

தாமதம் எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு இந்த மண்ணிலேயே பெரிய சான்று உண்டு. தாமிரபரணி – கருமேனியாறு – நம்பியாறு இணைப்பு வெள்ளநீர்க் கால்வாய்த் திட்டம் ஏறத்தாழ 369 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 2009-இல் தொடங்கி, 2025 பிப்ரவரியில் பயன்பாட்டுக்கு வந்தபோது செலவு 1,000 கோடியைக் கடந்திருந்தது. நிலம் கையகப்படுத்துவதில் ஏற்பட்ட இழுபறி அதன் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்து வறண்ட நிலங்கள் அந்த ஆண்டுகள் முழுவதும் நீருக்குக் காத்திருந்தன.

தனியார் குடியிருப்புகளிலும் பொறியாளரின் கையெழுத்துக்கு இப்போது சட்ட எடை கூடியிருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்ய வேண்டிய திட்டங்களில் வீடு வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். வேலை முடிந்த விகிதத்துக்கு ஏற்பப் பணம் எடுக்கப் பொறியாளர், கட்டடக் கலைஞர், பட்டயக் கணக்காளர் ஆகிய மூவரின் சான்று தேவை. கட்டமைப்புக் குறை 5 ஆண்டுக்குள் தெரிந்தால் கட்டியவரே செலவின்றிச் சரிசெய்து தர வேண்டும்.

பெண்கள் அலுவலகத்துக்குள் ஒதுக்கப்படுவது எப்படி?

கட்டுமான வேலைக்குப் பெண்கள் புதியவர்கள் அல்லர். தலைமுறை தலைமுறையாகச் சித்தாளாக மண்ணும் கல்லும் கலவையும் சுமந்தவர்கள் அவர்கள்தான். ஆண் கையாளாக வருபவர் சில ஆண்டுகளில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிறார். சித்தாள் வயதாகும் வரை சித்தாளாகவே இருக்கிறார். ஆகவே, “இது பெண்ணுக்கு ஏற்ற இடமா?” என்று இளம் பொறியாளரைப் பார்த்துக் கேட்பவர்கள், அதே இடத்தில் சட்டி சுமக்கும் பெண்ணைப் பார்த்து அப்படிக் கேட்டதில்லை. சுமக்கும் பெண் உறுத்தவில்லை. முடிவெடுக்கும் பெண்தான் உறுத்துகிறார். படித்த பெண்களின் வரலாறும் சிறியதன்று. 1940-களில் கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் படித்த பி.கே. திரேசியா, 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டதே அதற்குப் பத்தாண்டு கழித்து, 1981-இல்தான்.

அப்படியிருந்தும் ஏணி முறிகிறது. அது முறியும் வரிசை பெரும்பாலும் இதுதான்:

1. சைட்டில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, அல்லது பூட்டும் தண்ணீரும் இல்லாத ஒன்று இருக்கிறது. பெண் பொறியாளர் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார். சித்திரை வெயிலில் எட்டு மணி நேரம் நின்று தண்ணீர் குடிக்காமல் இருப்பதன் விளைவு நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும். விடுப்பு கூடுகிறது, “பெண்ணுக்குத் தாங்காது” என்ற பேச்சு வருகிறது.
2. காங்கிரீட் போடும் நாளில் வேலை காலை 6 மணிக்கு முன்பே தொடங்கி இரவு வரை நீள்கிறது. நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 முதல் இருந்தாலும், அந்த நேரத்தில் இராதாபுரம் பக்கத்து சைட்டுக்குப் பேருந்தே இராது. நிறுவனம் வண்டி அனுப்புவதில்லை. வீட்டார் அஞ்சுகிறார்கள்.
3. நிறுவனம் நல்லெண்ணத்தோடு அவரை அலுவலகத்தில் பிளானிங்கிலோ பில்லிங்கிலோ அமர்த்துகிறது. அவரும் ஒப்புக்கொள்கிறார்.
4. அவரோடு சேர்ந்த ஆண் பொறியாளர் ஐந்து ஆண்டில் அஸ்திவாரம் முதல் ஒப்படைப்பு வரை இரண்டு மூன்று கட்டடங்களை நேரில் முடித்துவிடுகிறார். இவர் அதே கட்டடங்களின் அட்டவணையைத் தயாரித்திருக்கிறார்.
5. திட்ட மேலாளரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் கேட்கப்படும் முதல் கேள்வி சைட் அனுபவம் எத்தனை ஆண்டு என்பது. அவரிடம் பதில் இல்லை.

இந்த ஐந்து கட்டத்தில் எங்கும் யாரும் அவரை வெளிப்படையாக ஒதுக்கவில்லை. ஒவ்வொரு முடிவும் அக்கறை என்ற பெயரிலேயே எடுக்கப்படுகிறது. அதனால்தான் இதை அடையாளம் காண்பதும் எதிர்த்துப் பேசுவதும் கடினமாகிறது. அலுவலக வேலை தாழ்ந்தது என்று இங்கே சொல்லவில்லை. பிளானிங் தெரியாத திட்ட மேலாளர் பாதி மேலாளரே. ஆனால் இறங்கிப் பார்க்காமல் போட்ட அட்டவணை, கொடையையும் கரிசலையும் ஆடிக் காற்றையும் அறியாத அட்டவணையாகவே இருக்கும். கழிப்பறையும் வண்டியும் நலத்திட்டச் சலுகைகளாகக் கருதப்படும் வரை இந்த நிலை மாறாது. காங்கிரீட்டுக்கு முட்டு எப்படியோ அப்படி, வேலை நடக்கத் தேவையான ஏற்பாடுகளாகவே அவற்றை மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும்.

சட்டம் தருவது என்ன?

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததால், பழைய சட்டப் பெயர்களை மட்டும் அறிந்தவர்களுக்குக் குழப்பம் ஏற்பட்டிருக்கிறது. பெண் பொறியாளருக்குத் தேவையானவற்றை மட்டும் இங்கே பார்க்கலாம்.

1. ஒரே மாதிரியான வேலைக்குப் பாலின அடிப்படையில் ஊதியம் குறைப்பதும், வேலைக்குச் சேர்ப்பதில் வேறுபாடு காட்டுவதும் கூடாது. 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தில் இருந்த இந்தப் பாதுகாப்பு இப்போது ஊதியத் தொகுப்பில் உள்ளது.
2. காலை 6 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் பெண்கள் வேலை செய்யலாம். அதற்கு அவர்களுடைய சம்மதம் வேண்டும். பாதுகாப்பு ஏற்பாடு முதலாளியின் கடமை. “இரவு காங்கிரீட்டுக்குப் பெண் வரக்கூடாது என்பது சட்டம்” என்று சொல்வது தவறு. சம்மதமில்லாமல் வரச் சொல்வதும் தவறே.
3. பேறுகால விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு ஊதியத்துடன் 26 வாரம். பேறு எதிர்பார்க்கும் நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். கட்டுமானத் துறையில் நியமனம் பல நேரம் ஒரு திட்டத்தோடு முடிந்துவிடுவதால், வேலை இடைவெளி விழும் தேதிகளைக் கவனித்துக்கொள்வது முக்கியம்.
4. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தனியே தொடர்கிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில், மூத்த பெண் ஊழியர் தலைமையில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளரும் தினக்கூலிகளும் இதன் பாதுகாப்புக்குள் வருவார்கள். நிறுவனம் அனுப்பும் வண்டியும் பணியிடமாகவே கருதப்படும். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடத்திலும், புகார் முதலாளியின் மீதே என்றாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சிறிய நிறுவனங்கள் மிகுந்த நெல்லையில் இந்தக் கடைசி வழியே பலருக்குத் தேவைப்படும். ஆனால் அதை அறிந்தவர்கள் குறைவு.

கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு தொழிலாளர் நலத்துக்கான செஸ் தொகையாக வசூலிக்கப்படுகிறது. சித்தாள்களின் நல வாரியப் பதிவும் உதவித்தொகையும் இதிலிருந்தே வருகின்றன. தன் சைட்டில் உள்ள பெண்கள் வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று கேட்கும் பொறியாளருக்கு அவர்களிடமிருந்து கிடைக்கும் ஒத்துழைப்பு வேறு எவ்வழியிலும் கிடைக்காது.

நியமனக் கடிதம் வந்த பின் கேட்க வேண்டியவை

கூடங்குளத்தில் 3 முதல் 6 வரையான அணு உலைகளின் கட்டுமானம், கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்சாலைகள், மாநகராட்சிப் பணிகள், தனியார் குடியிருப்புகள் என்று ஊருக்கு அருகிலேயே வாய்ப்புகள் உள்ளன. சென்னைக்கோ பெங்களூருக்கோ போனால்தான் இந்தத் துறையில் கற்க முடியும் என்பதில்லை. சேருமுன் நிறுவனத்திடம் சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டு நிற்பது போதாது.

முதல் மூன்று ஆண்டில் எத்தனை மாதம் சைட்டில் இருப்பேன் என்று கேட்டு, அதைக் கடிதத்தில் எழுதி வாங்க வேண்டும். சுழற்சி முறையில் சைட், பில்லிங், பிளானிங் மூன்றிலும் அனுப்புவார்களா என்று கேட்கலாம். சைட்டில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா என்பதைச் சேருமுன் நேரில் போய்ப் பார்ப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை; பெற்றோரும் உடன் சென்று பார்க்கலாம். காங்கிரீட் நாளில் வண்டி யார் அனுப்புவது, உள்ளகக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பவையும் கேட்க வேண்டியவை.

எல்லாவற்றையும்விட, தளம் போடுமுன் நிரப்பும் சோதனைத் தாளில் யார் கையெழுத்திட வேண்டும் என்று கேட்க வேண்டும். “மேனேஜர் போடுவார், நீங்கள் பார்த்துச் சொன்னால் போதும்” என்று பதில் வந்தால், எந்த மாதம் முதல் அந்தக் கையெழுத்து தன்னுடையதாகும் என்று அடுத்த கேள்வியைக் கேட்டு, பதிலைக் குறித்துக்கொள்ள வேண்டும்.